ஆல்ஃபாஸீரோ தனக்குத்தானே ஆடியே கத்துக்கிச்சாம், என் பொண்ணு தினமும் ஆடியும் ஏன் நகர மாட்டேங்குறா?

சேலத்து_அம்மா:

எல்லாருக்கும் வணக்கம். என் பொண்ணுக்கு 11 வயசு, செஸ் ஆட ஆரம்பிச்சு ஒன்றரை வருஷம் ஆகப்போகுது. சனி ஞாயிறு க்ளாஸ், மத்த நாள்ல ஸ்கூல் விட்டு வந்ததும் டேப்ப தூக்கிட்டு ஆன்லைன்ல 3 நிமிஷ கேம் தான், விட்டா சாப்பாடு கூட மறந்துடுவா. ஆன்லைன் ரேட்டிங் 1100க்கும் 1200க்கும் நடுவுல ஏறுது இறங்குது, மாசக்கணக்கா இதே கதை. ஃபிடே (உலக செஸ் சம்மேளனம்) ரேட்டிங் இன்னும் வரல. க்ளாஸ் சார் "ஹோம்வொர்க் பண்றதே இல்ல"ன்னு சொல்றாரு, எங்க வீட்டுக்காரர் "ஆட ஆட தானா வரும், போட்டு படுத்தாத"ங்குறாரு. இதுக்கு நடுவுல இன்ஜினியரிங் படிக்கிற என் அண்ணன் பையன் வந்து, ஆல்ஃபாஸீரோன்னு ஒரு ஏஐ இருக்கு அத்தை, அதுக்கு ரூல்ஸ் மட்டும் தான் சொல்லிக் கொடுத்தாங்க, கோச்சும் இல்ல புக்கும் இல்ல, தனக்குத்தானே ஆடி ஆடி சில மணி நேரத்துல உலகத்துலயே பெரிய ஆளாயிடுச்சு, அப்புறம் இவளுக்கு எதுக்கு ஃபீஸ் கட்டி க்ளாஸ்னு கொளுத்திப் போட்டுட்டு போயிட்டான். இப்ப இவளும் அதையே புடிச்சுக்கிட்டா. அது ஆடுனா வருது, இவ ஆடுனா ஏன் வர மாட்டேங்குது? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

சிப்பாய்_ராஜா:

3 நிமிஷ கேம நிறுத்துங்க மேடம். 15 நிமிஷத்துக்கு கீழ தொடவே கூடாதுன்னு சொல்லிடுங்க. ஆடுறது வேற, பழகுறது வேற. ஏஐ கதையெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்.

பைத்தான்_பாண்டி:

ஏஐ கதைய இப்பவே பேசுவோம், பதிலே அதுல தான் இருக்கு.

அக்கா, உங்க அண்ணன் பையன் சொன்னது பொய் இல்ல, ஆனா பாதியோட நிறுத்திட்டான். 2017 டிசம்பர்ல டீப்மைண்ட் ஆளுங்க, அதாவது அத செஞ்ச கூகுளோட ஏஐ கம்பெனி, வெளியிட்ட பேப்பர்படி செஸ்ஸுக்கு மொத்த ட்ரெயினிங் 9 மணி நேரம், அதுல ஆடுனது 4 கோடியே 40 லட்சம் கேம், அத ஆடித் தள்ளுறதுக்கு மட்டும் 5000 டிபியு, அதாவது கூகுள் இந்த வேலைக்குன்னே செஞ்ச சிப். உங்க பொண்ணு ஒரு நாளைக்கு 10 கேம் ஆடுனாலும் அந்த எண்ணிக்கைய தொட 12 ஆயிரம் வருஷம் ஆகும். ஸோ "நிறைய ஆடுனா வரும்"ங்கற விஷயத்துல மெஷினோட போட்டி போட நம்மால ஆகாது, அத விட்டுடுங்க.

ஆனா அது எப்படி ஆடுச்சுன்னு பாத்தீங்கன்னா அங்க தான் நமக்கு வேணுங்கறது இருக்கு. அதுக்குள்ள ஒரு நியூரல் நெட்வொர்க் இருக்கு, போர்ட பாத்த உடனே "இந்த மூவ் நல்லாருக்கும் போல"ன்னு சொல்லும். நம்ம முதல் பார்வை மாதிரி வெச்சுக்கோங்க. ஆனா அத அப்படியே ஆடிடாது. ஒவ்வொரு மூவுக்கு முன்னாடியும் 800 தடவை "இப்படி போனா அவன் என்ன பண்ணுவான், அப்படி போனா என்ன ஆகும்"னு உள்ளுக்குள்ளயே ஓட்டிப் பாக்கும். அப்படி பாத்ததுல எந்த மூவ் தேறுச்சோ அத ஆடும், அதோட முடியல, முதல் பார்வை ஒண்ணு சொல்லி யோசிச்சதுக்கு அப்புறம் வேற ஒண்ணு தேறியிருந்தா, அடுத்த தடவை முதல் பார்வையே அந்த தேறுன மூவ் பக்கம் சாயற மாதிரி நெட்வொர்க்க திருத்திடுவாங்க. கேம் முடிவு வின்னா லாஸா டிராவான்னும் சேத்து தான் திருத்துறது. திருத்துனதுக்கு அப்புறம் முதல் பார்வை கொஞ்சம் கூர்மையாகும், அத வெச்சு தேடுறது இன்னும் ஆழமா போகும், மறுபடி திருத்தம். கோச் இல்லன்னு யாரு சொன்னது, அதோட யோசனை தான் அதோட கோச்.

இப்ப உங்க பொண்ணோட 3 நிமிஷ கேமுக்கு வாங்க. அங்க முதல் பார்வை மட்டும் தான் ஆடுது. தோத்ததும் "நியூ கேம்" பட்டன அமுக்கிடுவா. திருத்தம்ங்கற பாதியே இல்ல. அதே தப்பு நூறு தடவை ஆடுனா அந்த தப்பு தான் நல்லா பழகும்.

ஒரு உதாரணம், 1100ல இருக்குற குழந்தைங்க எல்லாரும் இதுல மாட்டியிருப்பாங்க. சி4, ஜி5ங்கறதெல்லாம் போர்டுல கட்டத்தோட பேரு. வெள்ளை பிஷப் சி4ல உக்காந்திருக்கு, நைட் ஜி5க்கு வந்து கறுப்பு ராஜா பக்கத்துல இருக்குற எஃப்7ஐ முறைக்குது. கறுப்பு டி5ல பான தள்ளும், வெள்ளை இ பானால அத வெட்டும். இப்ப கறுப்பு ஆடுற குழந்தை என்ன பண்ணும்? வெட்டுனா திரும்ப வெட்டு, நைட்டால டி5ஐ எடுத்துடும். கை தானா போகும். அடுத்து வெள்ளை நைட் எஃப்7ல விழும், ராஜா எடுத்தா குயின் எஃப்3ல செக், டி5 நைட்ட காப்பாத்தணும்னா ராஜா இ6க்கு நடந்து வரணும், போர்டுக்கு நடுவுல, அத்தனை பேரும் பாக்க. வெட்டாம இன்னொரு நைட்ட ஏ5ல வெச்சு அந்த பிஷப்ப தொந்தரவு பண்ணியிருந்தா கறுப்புக்கு ஒரு பான் தான் கம்மி, கேம் உயிரோட இருக்கும்.

தோத்ததுக்கு அப்புறம் 10 நிமிஷம் அந்த இடத்துக்கு திரும்பி வந்து, என்ஜின (நல்ல மூவ் எதுன்னு சொல்ற செஸ் சாஃப்ட்வேர) ஆன் பண்ணாம, "எடுக்காம வேற என்ன பண்ணியிருக்கலாம்"னு அவளா தேடணும். தேடிட்டு என்ன தேறுச்சுன்னு நோட்ல எழுதணும். அப்புறம் வேணும்னா என்ஜின் பாக்கலாம். ஆல்ஃபாஸீரோ மாதிரி பழகணும்னா இதுதான் அது. ஒரு நாளைக்கு ஒரே ஒரு கேம் இப்படி பாத்தா போதும், மீதி நேரத்துல ரெண்டு பிளிட்ஸ், அதான் அந்த 3 நிமிஷ கேம், ஆடிக்கட்டும், குழந்தை தானே.

சேலத்து_அம்மா:

ரொம்ப நன்றி தம்பி, இப்படி யாருமே சொல்லல. அந்த எஃப்7 கதை அப்படியே இவ கேம் தான், பாக்காமயே சொல்லிட்டீங்க. இன்னொரு சந்தேகம், வார நாள்ல ஹோம்வொர்க், ட்யூஷன்னு நேரமே இல்ல, அதனால ஞாயித்துக்கிழமை ஒரேடியா 5 மணி நேரம் உக்கார வெச்சுடலாமான்னு பாக்குறேன். அது சரியா வருமா?

லோயர்ஹையர்_சார்:

வராதும்மா. எனக்கு செஸ் தெரியாது, நான் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்துறவன், ஆனா இந்த கேள்விக்கு நான் தான் பதில் சொல்லணும்.

எங்ககிட்ட முதல் நாள் வந்தா ஏஎஸ்டிஎஃப்ஜிஎஃப், செமிகோலன் எல்கேஜேஹெச்ஜே. அப்பாக்கள் பலருக்கு தூக்கத்துல கூட விரல் அப்படி ஆடும். தினமும் ஒரு மணி நேரம் பேட்ச், அதுக்கு மேல மெஷின் தர மாட்டோம், பின்னாடி அடுத்த பேட்ச் நிக்கும். மெஷின் பத்தாததால வந்த பழக்கம் தான், ஆனா அதுவே நல்லதா போச்சு. எக்ஸாமுக்கு முன்னாடி கடைசி மாசம் வந்து "சார் காலைல ரெண்டு பேட்ச் சாயந்திரம் ரெண்டு பேட்ச் உக்காந்துக்குறேன்"னு கேக்குறவங்க உண்டு. அவங்களுக்கு வேகம் வரும், தப்பும் கூடவே வரும், ஒரு வாரம் லீவு விட்டா வேகம் போயிடும், தப்பு மட்டும் இருக்கும்.

இத இங்கிலாந்துல முறையா பரிசோதிச்சே பாத்திருக்காங்க. அங்க போஸ்ட் ஆபீஸ் ஊழியர்களுக்கு கீபோர்டு கத்துக்கொடுக்க வேண்டி வந்தப்போ பேட்லி, லாங்மேன்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் ஆளுங்கள நாலு குழுவா பிரிச்சு, ஒரு குழுவுக்கு தினம் ஒரு மணி நேரம், இன்னொரு குழுவுக்கு ரெண்டு ரெண்டு மணி நேரமா தினம் நாலு மணி நேரம், மத்த ரெண்டு குழு நடுவுல, இப்படி பழக்குனாங்க. 1978ல ரிசல்ட் வெளியாச்சு. கீபோர்டு பிடிபட ஒரு மணி நேரக் குழுவுக்கு மொத்தம் 35 மணி நேரம் கிட்ட ஆச்சு, நாலு மணி நேரக் குழுவுக்கு 50 மணி நேரம் கிட்ட ஆச்சு. அதே எழுத்து, அதே விரல், 15 மணி நேரம் வேஸ்ட். இதுல வேடிக்கை என்னன்னா ரொம்ப குறைபட்டுக்கிட்டது அந்த ஒரு மணி நேரக் குழு தான், நாள் கணக்குல அவங்க பின்தங்குற மாதிரி தெரிஞ்சுதே. உங்க பொண்ணுக்கும் அப்படித்தான் தோணும், ஃப்ரெண்டு ஞாயித்துக்கிழமை அஞ்சு மணி நேரம் உக்காந்தா நாம மட்டும் அரை மணி நேரமான்னு. தோணட்டும். தினம் அரை மணி, விடாம.

அப்புறம் இன்னொண்ணு, கீழ குனிஞ்சு கீய பாத்து அடிக்கிறவனுக்கு முதல் வாரம் சுகமா இருக்கும், லோயர் பரீட்சைல நிமிஷத்துக்கு 30 வார்த்தை கூட எப்படியோ தேத்திடுவான், அடுத்த ஹையர் பரீட்சைல 45ன்னு வரும்போது நின்னுடுவான். செஸ்ல அதுக்கு சமமா என்ன இருக்குன்னு நீங்க தான் சொல்லணும்.

சிப்பாய்_ராஜா:

யாரு முன்னாடி இருக்காங்கன்னு காட்டுற என்ஜின் பார பாத்துக்கிட்டே கேம அனலைஸ் பண்றது, சார். அதே தான்.

மறதி_மன்னன்:

சார் சொன்ன "ஒரு வாரம் லீவு விட்டா போயிடும்"ங்கறதுக்கு மெஷின்லயும் ஒரு ஜோடி இருக்கு, நான் இதுல தான் ப்ராஜெக்ட் பண்றேன் அதனால ஆர்வத்துல எழுதுறேன், நீளமா போனா மன்னிக்கவும். 1989ல மெக்ளாஸ்கி, கோஹன்னு ரெண்டு பேர் ஒரு சின்ன நியூரல் நெட்வொர்க்குக்கு ஒண்ணாம் கூட்டல் வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தாங்க, நல்லா கத்துக்கிச்சு. அடுத்து ரெண்டாம் கூட்டல் வாய்ப்பாடு மட்டும் தனியா சொல்லிக் கொடுத்தாங்க, அதையும் கத்துக்கிச்சு, ஆனா ஒண்ணாம் வாய்ப்பாடு மொத்தமா அழிஞ்சு போச்சு. நமக்கு மறக்குற மாதிரி மெல்ல மெல்ல இல்ல, சுத்தமா துடைச்ச மாதிரி. இன்னைக்கு வரைக்கும் இந்த துறையில இது பெரிய தலைவலி. மருந்து என்னன்னா பழசையும் கலந்து கலந்து காட்டுறது. டீப்மைண்டோட அடாரி வீடியோ கேம் ப்ரோக்ராம், 2015ல நேச்சர் ஜர்னல்ல வந்துது, அது கடைசியா பாத்த 10 லட்சம் ஃப்ரேம சேத்து வெச்சுக்கிட்டு அதுலேர்ந்து கண்ட கண்ட இடத்துலேர்ந்து எடுத்து எடுத்து பழகும், வரிசையா பழகாது.

இத ஏன் சொல்றேன்னா உங்க க்ளாஸ் ஹோம்வொர்க் ஷீட்ட எடுத்து பாருங்க அக்கா. மேல பெருசா "ஃபோர்க்"னு (ஒரே காயால ரெண்டு காய தாக்குறது) போட்டு கீழ 12 பஸில் இருக்கும், அடுத்த வாரம் "பின்"னு (பின்னாடி பெரிய காய் இருக்கறதால முன்னாடி காய் நகர முடியாம மாட்டுறது) போட்டு 12. முதல் ரெண்டு போட்டதும் குழந்தைக்கு தெரிஞ்சுடும், நைட்ட எங்க வெச்சா ரெண்டு காய் மாட்டும்னு மட்டும் தேடுனா போதும், மீதி பத்தும் ஓடியே போயிடும், ஸ்டாரும் கிடைச்சுடும். கேம்ல யாரு வந்து மேல தலைப்பு போடப் போறாங்க? இங்க ஃபோர்க் இருக்கா, பின் இருக்கா, இல்ல ஒண்ணுமே இல்லையான்னு கண்டுபிடிக்கிறது தான் கஷ்டமே. நாலு வாரத்து பழைய ஷீட்ட ஜெராக்ஸ் எடுத்து, கத்தரிச்சு, ஒரு டப்பால போட்டு குலுக்கி தினம் 6 எடுத்து போடச் சொல்லுங்க. ஆரம்பத்துல நிறைய தப்பாகும், ஸ்டார் கிடைக்காது, அழுவா. ஆனா கேம்ல கண்ணுல படும்.

குறைசொல்லி:

எல்லாரும் ஆல்ஃபாஸீரோவ தலைல தூக்கி வெச்சு ஆடுறீங்க, ரெண்டு விஷயம் மட்டும்.

ஒண்ணு, 2017 மேட்ச்ல ஸ்டாக்ஃபிஷ்ங்கற பலமான செஸ் என்ஜினுக்கு எதிரா 100 கேம்ல 28 வின் 72 டிரா, தோல்வியே இல்ல, சரி. ஆனா ஸ்டாக்ஃபிஷ மூவுக்கு ஒரு நிமிஷம்னு கட்டிப்போட்டு, ஒரு ஜிபி மெமரி கொடுத்து ஆட வெச்சாங்கன்னு அப்பவே பெரிய சண்டை நடந்துது. 2018ல சயின்ஸ் ஜர்னல்ல நியாயமான கண்டிஷன்ல மறுபடி ஆடி ஜெயிச்சாங்க, அதனால பலம் உண்மை தான்.

ரெண்டாவது தான் முக்கியம். தனக்குத்தானே ஆடி வளர்ந்தா தன்கிட்ட இல்லாத விஷயம் கண்ணுலயே படாது. கோங்கற போர்டு விளையாட்டுல கட்டாகோன்னு ஒரு ப்ரோக்ராம், அதுவும் தனக்குத்தானே ஆடி வளர்ந்தது, உலக சாம்பியன்கள விட பலம். 2023ல கெல்லின் பெல்ரின்னு ஒரு அமெச்சூர் ப்ளேயர், கட்டாகோவ கவுக்குறதுக்குன்னே பழக்குன இன்னொரு ப்ரோக்ராம் கண்டுபிடிச்ச ஓட்டைய பாத்து கத்துக்கிட்டு, கம்ப்யூட்டர் உதவி இல்லாம 15 கேம்ல 14 ஜெயிச்சாரு, கட்டாகோ மாதிரி பலமான ப்ரோக்ராமுக்கு எதிரா. அதோட காய்கள சுத்தி வளைச்சு பெரிய வட்டம் போட்டாரு, அதுக்கு ஆபத்தே புரியல, ஒரு சாதாரண மனுஷ ப்ளேயருக்கு புரிஞ்சிருக்கும். ஸோ உங்க பொண்ணு டேப்லயே, அதே 1100 ரேட்டிங் கூட்டத்தோடயே ஆடிட்டு இருந்தா இதே கதி. ஊர்ல மண்டபத்துல நடக்குற டோர்னமென்ட்டுக்கு கூட்டிட்டு போங்க, தாத்தா வயசு ஆளு எதிர்ல உக்காந்து ஒரு மூவுக்கு 20 நிமிஷம் எடுப்பாரு, அந்த அனுபவம் வேற.

கடைசியா வீட்டுக்காரர் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கு. அர்ஜென்டினாவுல செஸ் ஆளுங்கள வெச்சு கோபே, காம்பிடெல்லி பண்ண ஸ்டடி 2007ல வந்துது, மாஸ்டர் லெவலுக்கு வர ஒருத்தருக்கு 3000 மணி நேரம் கிட்ட போதுமாயிருந்துது, இன்னொருத்தருக்கு 23 ஆயிரம் மணி நேரத்துக்கு மேல ஆச்சு. எட்டு மடங்கு வித்தியாசம். பயிற்சி முறைய மாத்துனா முன்னேற்றம் வரும், ஆனா பக்கத்து வீட்டு பையன் அளவு வேகமா வரும்னு எதிர்பாத்து அவள கரிச்சு கொட்டாதீங்க. குகேஷே சின்ன வயசுல ரொம்ப நாள் என்ஜின் பக்கம் போகாம தானா யோசிச்சு வளர்ந்தவர் தான்னு அவரோட கோச் விஷ்ணு பிரசன்னா சொல்லியிருக்காரு, 2024 டிசம்பர்ல சிங்கப்பூர்ல என்ன ஆச்சுன்னு ஊருக்கே தெரியும். அதுக்காக என்ஜின மூடுன எல்லாரும் குகேஷ் ஆகிடுவாங்கன்னு நான் சொல்லல, வாட்ஸப்ல அப்படித்தான் சுத்திட்டு இருக்கு.

சேலத்து_அம்மா:

எல்லாருக்கும் நன்றி. ஷீட்ட கத்தரிச்சு டப்பால போட்டாச்சு, பேர் கூட வெச்சுட்டா அதுக்கு. பிளிட்ஸ் நாளைக்கு ரெண்டே ரெண்டுன்னு பேசி முடிச்சிருக்கு, அழுகை எல்லாம் ஆச்சு. பாண்டி தம்பி, அந்த நைட் ஏ5 மூவ காட்டுனேன், "ஓரத்துல போய் உக்காருது, அசிங்கமா இருக்கு, க்ளாஸ்ல நைட்ட ஓரத்துல வெக்கக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க"ன்னு ஒத்துக்கவே மாட்டேங்குறா. என்ன சொல்றது?

பைத்தான்_பாண்டி:

ஒண்ணும் சொல்லாதீங்க அக்கா. போர்ட வெச்சு அவள வெள்ளை பக்கம் உக்கார வைங்க, நீங்க கறுப்பு. நைட்ட ஏ5ல வெச்சுட்டு, அந்த சி4 பிஷப்ப என்ன பண்ணப் போறன்னு மட்டும் கேளுங்க.

சேலத்து_அம்மா:

எனக்கு காய் எப்படி நகரும்னு இப்ப தான் அவகிட்ட கத்துக்கிட்டு இருக்கேன் தம்பி 😄 சரி, முயற்சி பண்றேன்.