எண்ணூர்க் கழிமுகத்துக்கு நாமே வரைபடம் போடலாமா, வேண்டாமா?

ஆற்றோரம்:
வெள்ளத் தடுப்புத் திட்டம் எது வந்தாலும், அதிகாரிகள் விரிக்கிற வரைபடத்தில் நம் ஊரைத் தேட வேண்டியிருக்கிறது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் வெள்ளத்தோடு எண்ணெயும் வந்ததே, தண்ணீர் வடிந்ததும் எங்கள் வீட்டுச் சுவரில் ஜன்னலுக்குச் சற்றுக் கீழே கறுப்பாக ஒரு கோடு. வீட்டுக்கு வீடு அந்தக் கோடு இருந்தது. டேப் பிடித்து அளந்து போனில் இடத்தோடு பதிந்திருந்தால், தண்ணீர் எங்கே எவ்வளவு ஏறியது என்ற கணக்கு நம் கையில் இருந்திருக்கும். சுரண்டிப் பெயின்ட் அடித்துவிட்டோம். இனியாவது ஊர்கூடி, யார் வேண்டுமானாலும் இடங்களைச் சேர்க்கக்கூடிய இலவச இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் பதிவோம்.

பழையவலை:
தம்பி, வரைபடம் இல்லாமலா தோற்றோம்? 1996இல் மத்திய அரசு ஒப்புதல் கொடுத்த கடலோர மேலாண்மை வரைபடத்தில் கழிமுகம் இருந்தது. அதற்குப் பிறகும் அனல்மின் நிலையச் சாம்பல் கொட்டி ஆறு மேடானது. மீனவர்களின் பொது இடங்களையும் மீன் காயவைக்கும் இடங்களையும் குறிக்க வேண்டும் என்று 2011 கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கையிலேயே எழுதியிருக்கிறது. 2023இல் வந்த கடலோர மேலாண்மை வரைபடத்தின் வரைவில் அவை விடுபட்டிருக்கின்றன என்று கடலோரம் முழுக்கக் கத்தினோம். சட்டத்தில் இருப்பதையே மதிக்காதவர்கள் போனில் போட்டால் மதிப்பார்களா? அப்புறம் பாடு இருக்கிறது, அதாவது மீன்பிடி இடங்களை நமக்குள் பங்கிட்டுக்கொள்ளும் வழக்கம். எந்தப் பாடு எந்த நாளில் யாருக்கு என்பது முறைவைத்து நடப்பது. அதற்குக் கோடு போட்டுக் காட்டினால், நாளைக்கு அந்தக் கோட்டையே வேலியாக்கி, "இதைத் தாண்டி உனக்கு உரிமை இல்லை" என்பார்கள்.

ஆற்றோரம்:
அண்ணே, அந்த 1996 வரைபடத்தைக் காட்டித்தானே வாதாடவே முடிந்தது? பாடுகளை விட்டுவிடுவோம், சரி. வெள்ளம் ஏறிய உயரம், வடிகிற வழி, ஓடி ஏற மேட்டு நிலம், இதையெல்லாம் மறைத்து யாருக்கு லாபம்?

மணல்மேட்டுக்காரி:
இரண்டு பேருமே வலை போடுகிறவர்கள் கணக்கைப் பேசுகிறீர்கள். பறிக் கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, தண்ணீரில் கையால் தடவித் தடவி இறால் பிடிக்கிற இருளர் பெண்களுக்குப் பாடு முறையிலும் பங்கில்லை, பல பேரிடம் ஸ்மார்ட்போனும் இல்லை. சாட்டிலைட் படத்தில் அந்த இடம் வெறும் தண்ணீர். அடியில் சேறு எங்கே இருக்கிறது, சாம்பல் படிந்து எங்கே கெட்டியாகிவிட்டது என்பது அவர்கள் காலுக்குத்தான் தெரியும். தண்ணீர் வற்றும் நேரத்தில் யாராவது போனோடு அவர்கள் பின்னால் நடங்கள். அது இல்லாமல் போடுகிற வரைபடம் ஊர் வரைபடம் ஆகாது.

பழையவலை:
அம்மா, அதை நான் யோசிக்கவில்லை. ஆனால் இறால் கிடைக்கிற இடம் வெளியே தெரிந்தால் அடுத்த வாரமே அங்கே வேறு ஆள் நிற்பான். அவர்களை ஊர்க் கூட்டத்தில் உட்காரவைத்து, எதை வெளியே விடலாம் என்று அவர்களையே சொல்லவிடுங்கள். தூர்ந்துபோன இடத்தைக் குறிப்பதென்றால் நானும் படகு தருகிறேன். பாடு மட்டும் வேண்டாம். அதில் நான் மாற மாட்டேன்.

ஆற்றோரம்:
படகு போதும் அண்ணே. நான் சுவர்களில் ஆரம்பிக்கிறேன். பக்கத்து வீட்டுப் பின்சுவருக்கு இன்னும் பெயின்ட் அடிக்கவில்லை, கோடு அப்படியே இருக்கிறது.