மரமுளை இறக்கிவிட்டார்கள், வில்லன் முடிந்துவிட்டான்: அடுத்த சனிக்கிழமைக்கு என்ன செய்வது?

புக்கிட் பாத்தோக் பகடை
சனி, இரவு 11.40

பதினான்கு மாதங்களாக நான் நடத்திவரும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டு) கதையின் பெரிய வில்லன் இன்று மாலை மூன்றே சுற்றுகளில் வீழ்ந்துவிட்டான். தூக்கம் வரவில்லை. உதவி தேவை.

ஆடுபவர்கள் நால்வர், எல்லோரும் ஒன்பதாம் நிலை. என் தங்கைதான் பாலடின், அதாவது புனித வீராங்கனை. எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில், சதுரங்கக் கட்டம் பதித்த கல்மேசையில் ஆடுகிறோம். வில்லன் ஒரு பழைய ஜமீன்தார், இரத்தக் காட்டேரி. விளையாட்டின் அரக்கர் புத்தகமான 2014 மான்ஸ்டர் மேனுவலில் வாம்பயருக்கு உள்ள அதே அளவுகள்: 144 உயிர்ப்புள்ளி, ஒவ்வொரு சுற்றிலும் 20 புள்ளி தானாகத் திரும்பும்.

அவனைப் பெரிய கூடத்தின் நடுவே நாற்காலியில் உட்கார வைத்திருந்தேன். பேசி முடிப்பதற்குள் பாய்ந்துவிட்டார்கள். தங்கையின் வாளில் இறங்கிய ஒளித் தாக்குதல் அந்த 20 புள்ளியையும் தடுத்துவிட்டது. மூன்றாம் சுற்றில் பூஜ்யம். விதிப்படி பனிமூட்டமாக மாறித் தன் சவப்பெட்டிக்குக் கிளம்பினான். பனிமூட்டம் ஒரு சுற்றுக்கு 20 அடிதான் நகரும். அவர்கள் 30 அடி நடப்பார்கள். சவப்பெட்டியோ பக்கத்து அறையில். பனிக்குப் பின்னாலேயே போய், மூடியைத் திறந்து, நெஞ்சில் கூரான மரமுளையை இறக்கினார்கள். அறையிலிருந்த நகைகளை அள்ளிக்கொண்டு வெளியேறினார்கள்.

பகடைகளைப் பைக்குள் போடும்போது தங்கை கேட்டாள்: "அவ்வளவுதானா அண்ணா?"

அவன் அழித்த ஊர்களின் கதையை ஓராண்டாகச் சொல்லி வந்திருக்கிறேன். அவள் குரலில் இருந்த ஏமாற்றம் இன்னும் காதில் இருக்கிறது. அவன் மனைவியும் ஒரு காட்டேரிதான், அதே மாளிகையில் ஒளிந்திருந்தாள் என்று வைத்துக்கொள்ளலாமா? ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: அவர்கள் நேர்மையாக வென்றதை நான் ஏமாற்றிப் பறிக்கக் கூடாது.

பழைய பகடை
ஞாயிறு, காலை 9.05

தம்பி, மனைவியைக் கொண்டுவராதே. முதலில் புத்தகத்தில் அந்தப் பக்கத்தை இன்னொரு முறை படி. மரமுளை இரண்டு இடங்களில் வருகிறது, இரண்டும் ஒன்றல்ல. வாம்பயர் கடித்து உருவாக்கிய அடிமைக்கு முளை இறங்கினால் அது அழிந்துவிடும். முழு வாம்பயருக்கு அப்படி இல்லை. முளையைப் பிடுங்கும்வரை அசைய முடியாது, அவ்வளவுதான்.

தலையை வெட்டினார்களா? எரித்தார்களா? பெட்டியை வெயிலுக்கு இழுத்து வந்தார்களா?

புக்கிட் பாத்தோக் பகடை
ஞாயிறு, காலை 9.20

எதுவும் செய்யவில்லை. பெட்டியைக்கூட மூடவில்லை. அந்த வரியை இப்போதுதான் படிக்கிறேன். கை நடுங்குகிறது அண்ணா.

பழைய பகடை
ஞாயிறு, காலை 9.50

அப்படியென்றால் உன் வில்லன் சாகவில்லை. அந்தப் பெட்டிக்குள் கிடக்கிறான். பூஜ்யத்தில் பெட்டிக்குத் திரும்பியவனுக்கு ஒரு மணி நேரத்தில் ஒரு புள்ளி திரும்பும். அதன்பின் சுற்றுக்கு 20 வீதம் ஏறி ஒரு நிமிடத்திற்குள் 144 நிரம்பிவிடும். முளை ஒன்றுதான் அவனைப் பிடித்து வைத்திருக்கிறது.

இன்னொன்றையும் கவனி. அசைவில்லாமல் கிடப்பது வேறு, மயங்கிக் கிடப்பது வேறு. அவனுக்குக் காது கேட்கும். பெட்டியருகே நின்று உன் ஆட்கள் என்ன பேசினார்கள்?

புக்கிட் பாத்தோக் பகடை
ஞாயிறு, காலை 10.02

இரவு எந்த விடுதியில் தங்குவது என்று பேசினார்கள். விடுதியின் பெயரையே சொன்னார்கள். யாரிடம் எவ்வளவு நகை இருக்கிறது என்றும் கணக்குப் போட்டார்கள்.

பழைய பகடை
ஞாயிறு, காலை 10.10

வேறென்ன வேண்டும்? அவன் கடித்த அடிமை யாராவது மாளிகையில் மிச்சம் இருந்தால் முளையைப் பிடுங்கிவிடலாம். ஆனால் அவனைத் திடீரென்று விடுதி வாசலில் கொண்டுவந்து நிறுத்தாதே. முதலில் முளையைக் காட்டு. இரத்தம் காய்ந்த அந்தக் கட்டை அவர்கள் கண்ணில் படட்டும். நடந்தது என்ன என்பதை அவர்களே கூட்டிப் பார்க்க வேண்டும். விதி புத்தகத்தில் இருக்கிறது, அவர்களும் படித்திருக்கலாம். அதனால் இது பறிப்பது ஆகாது.

பொங்கோல் படிக்கட்டு
ஞாயிறு, மாலை 4.30

வில்லன் பிழைத்துவிட்டான், மகிழ்ச்சி. ஆனால் அதே மாளிகைக்குத் திரும்பினால் அதே மூன்று சுற்றுதான். உங்கள் சிக்கல் உயிர்ப்புள்ளியில் இல்லை, வீட்டு வரைபடத்தில் இருக்கிறது.

கணக்கைப் பாருங்கள். பனிமூட்டம் சுற்றுக்கு 20 அடி. ஒரு சுற்று 6 விநாடி. நிமிடத்திற்கு 200 அடி, இரண்டு மணி நேரத்தில் 24,000 அடி, அதாவது சுமார் 7.3 கிலோமீட்டர். அந்த இரண்டு மணி நேரத்திற்குள் உறைவிடம் சேரவில்லை என்றால் வாம்பயர் அழிந்துவிடும். நம் சிங்கப்பூர்த் தீவு கிழக்கிலிருந்து மேற்காக ஏறத்தாழ 50 கிலோமீட்டர். அதில் ஏழில் ஒரு பங்கு தூரம்வரை அவன் பெட்டியை வைக்கலாம். நீங்கள் பக்கத்து அறையில் வைத்தீர்கள்.

தூரத்தைவிட முக்கியம் வழி. காற்று புகும் எந்த இடத்திலும் பனிமூட்டம் புகுந்துவிடும். சமதரையில் மனிதன் அதை முந்துவான். ஆகவே வீட்டைச் சமதரையில் விரிக்காதீர்கள், மேலும் கீழுமாக அடுக்குங்கள். 1983இல் இதே விளையாட்டுக்கு வந்த வாம்பயர் கதைப் புத்தகமான ரேவன்லாஃப்டில், கோட்டையின் வரைபடங்களை முப்பரிமாணத்தில் வரைந்ததற்கு நல்ல காரணம் இருக்கிறது.

எனக்கு இது புரிந்தது எங்கள் வீட்டுச் சமையலறையில்தான். பழைய புளோக், பத்தாம் மாடி. அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில் குப்பைக் குழாயின் இரும்பு மூடி. அம்மா மீன் செதில் பொட்டலத்தை உள்ளே தள்ளினால், சில விநாடிகளில் கீழே 'தொம்' என்று கேட்கும். அதே பொட்டலத்தை நான் கையில் எடுத்துப் போனால்? அந்தக் காலத்தில் எங்கள் மின்தூக்கி எல்லா மாடியிலும் நிற்காது. இரண்டு மாடி நடந்து, காத்திருந்து, கீழே போய்ச் சேர ஐந்து நிமிடம். குப்பைக்கு ஒரு வழி, மனிதனுக்கு ஒரு வழி. வாம்பயரின் வீடும் அப்படித்தான் இருக்க வேண்டும். ஒவ்வொரு அறையிலும் கை நுழையும் அளவுக்கு ஒரு துவாரம், அது நேராக அடித்தளத்துக்கு இறங்கும். மனிதர்கள் இறங்கச் சுழல் படிக்கட்டு, அதன் நடுவே இரண்டு பூட்டிய கதவுகள்.

ஒரு எச்சரிக்கை: பனிமூட்டம் தண்ணீருக்குள் ஊடுருவ முடியாது. அழகுக்காக அகழி வைத்து, துவாரத்தின் வாய் அதன் தண்ணீருக்குள் திறந்தால் அவனுக்கே அது வேலி ஆகிவிடும்.

பெட்டி ஒன்றுதான் என்றும் இல்லை. புதைகுழி மண்ணைப் போதிய அளவு கொண்டுபோய் வைத்தால் வேறு இடத்திலும் உறைவிடம் அமைக்கலாம்.

கடைசியாக, அவன் ஏன் பூஜ்யம் வரும்வரை நின்றான்? 60 புள்ளி மிஞ்சும்போதே போயிருக்க வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் அவனுக்கு மூன்று சிறப்புச் செயல்கள் உண்டு, மற்றவர் ஒருவரின் முறை முடியும்போது ஒன்று வீதம். மூன்றையும் நகர்வதற்கே செலவிட்டால் 90 அடி, யாரும் குறுக்கே வெட்டவும் முடியாது. சுவரிலும் கூரையிலும் ஏறுவான். ஒளித் தாக்குதல் எட்டாத இடத்தில் ஐந்தே சுற்று இருந்தால் 100 புள்ளி திரும்பிவிடும்.

தோ பாயோ வாசகி
ஞாயிறு, இரவு 9.15

இரண்டு விஷயம் சொல்ல வேண்டும் தம்பி.

ஒன்று, அந்தப் பெயர். எங்கள் குடும்பத்தில் காட்டேரியம்மனைக் கும்பிடுகிறோம். ரப்பர் தோட்டத்தில் வேலை செய்த என் பாட்டி காலத்திலிருந்து படையல் உண்டு. பேய்க் கதைகளில் காட்டேரி என்று சொல்வது வழக்கம்தான், நீங்கள் தவறாக நினைத்து எழுதவில்லை என்று தெரியும். ஆனாலும் ஜமீன்தாரை வாம்பயர் என்றே அழைத்தால் எனக்கு மனம் நிறையும். மலாய்ப் பெண்பேயான பொந்தியானாக்கையும் இதோடு கலக்காதீர்கள். வாழை மரம், பூவாசம், பிடரியில் ஆணி என்று அவளுக்கு வேறு இலக்கணம். அவளைக் கொண்டுவருவதென்றால் தனிக் கதையாகச் செய்யுங்கள்.

இரண்டாவது, விடுதி. குடியிருப்பவர் ஒருவர் அழைக்காமல் வாம்பயர் வீட்டுக்குள் நுழைய முடியாது. விடுதிக்காரம்மா அங்கேயே குடியிருக்கிறவர், அதனால் இந்த விதி பொருந்தும். நீங்கள் தமிழில் ஆடுகிறீர்கள், இல்லையா? இருட்டிய பிறகு வழிப்போக்கன் ஒருவன் வாசலில் நின்று தண்ணீர் கேட்கட்டும். அம்மா செம்பில் கொண்டுவந்து கொடுக்கட்டும். குடித்துவிட்டு, செம்பைத் திருப்பிக் கொடுத்து, "வருகிறேன் அம்மா" என்று சொல்லிவிட்டு அவன் திரும்பட்டும். நம்மில் யார் அதற்கு "வாருங்கள்" என்று சொல்லாமல் இருப்போம்?

அழைப்பு கிடைத்துவிட்டது.

பழைய பகடை
ஞாயிறு, இரவு 9.40

இருபது ஆண்டுகளாக ஆட்டம் நடத்துகிறேன், இது எனக்குத் தோன்றியதே இல்லை. அடுத்த மாதம் என் மேசையில் பயன்படுத்த அனுமதி வேண்டும் அக்கா.

தோ பாயோ வாசகி
ஞாயிறு, இரவு 9.44

தாராளமாக.

புக்கிட் பாத்தோக் பகடை
அடுத்த சனி, இரவு 11.55

எல்லோருக்கும் நன்றி. அக்கா, பெயரை மாற்றிவிட்டேன். அதன் பொருள் தெரியாமல் பயன்படுத்தியதற்கு வருந்துகிறேன்.

தொடங்கும் முன் சாத்தே (சுட்ட இறைச்சி) குச்சி ஒன்றைக் கழுவித் துடைத்து, முனையில் சிவப்பு மை தடவி, கல்மேசையின் நடுவே வைத்தேன். ஒரு வார்த்தையும் பேசவில்லை. விடுதி அறையின் ஜன்னல் விளிம்பில் இது இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். தங்கை அதை எடுத்து உருட்டிப் பார்த்தாள். "இது நான் இறக்கியது" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "இதைப் பிடுங்கியது யார்?" என்றாள். கூடத்தில் அவர்கள் கண்டுகொள்ளாமல் விட்ட சமையல்காரியின் முகம் மற்றவர்களுக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

விடுதிக்காரம்மா "வாருங்கள்" என்று சொன்னபோது மூவருக்கு ஒன்றும் புரியவில்லை. தங்கை மட்டும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள்.

மாளிகையின் மலைப்பக்கம் கீழே நான்கு தளங்கள் சேர்த்தேன். 55 புள்ளியில் அவன் கூரை வழியாக ஓடிவிட்டான். இரண்டாம் முறை பூஜ்யமாக்கினார்கள்; பனி துவாரத்தில் இறங்கியது; அவர்கள் படிக்கட்டில் இறங்கிச் சேர்வதற்குள் தடயம் இல்லை. அங்கே நிறுத்தினோம். கடைசி ரயிலுக்கு நேரமாகியும் யாரும் எழவில்லை.

இப்போது புதுச் சிக்கல். துவாரங்களின் அடிவாயில் எல்லாவற்றிலும் தண்ணீர் தேக்கிவிட்டு, பிறகு மேலே வந்து அவனை அடிக்கப்போகிறார்களாம். மலை ஓடையைத் திருப்ப வரைபடம்கூட வரைந்துவிட்டார்கள். பனி தண்ணீருக்குள் புகாது என்பதைத் தங்கை புத்தகத்தில் கண்டுபிடித்திருக்கிறாள்.

பொங்கோல் படிக்கட்டு
ஞாயிறு, காலை 8.10

மொத்தம் எத்தனை துவாரங்கள் வரைந்தீர்கள்? அதில் எத்தனை அவர்களுக்குத் தெரியும்?

புக்கிட் பாத்தோக் பகடை
ஞாயிறு, காலை 8.25

ஏழு. ஆறு தெரியும்.