கிளித்தட்டு: எத்தனை கோடு? கிளி எங்கெல்லாம் ஓடலாம்?

இந்த லீவுக்குத் தக்கலை பக்கம் ஊருக்கு வந்திருக்கிறேன். பிள்ளைகள் போனை வைப்பதாயில்லை. பத்துப் பேரைத் திரட்டி வீட்டுப் பின்னால் விளையில் கிளித்தட்டு ஆட இறக்கிவிட்டேன். ஒரு அணி கோடுகளில் நின்று மறிக்கும், மற்ற அணி அவர்கள் கையில் படாமல் தாண்டும், அந்த ஆட்டம்தான். மட்டையால் கோடு போடும்போதுதான் முழிக்கிறேன். நடுக்கோடு மறிக்கிற எல்லாருக்குமா, முதல் கோட்டில் நிற்கும் கிளிக்கு மட்டுமா?

பதில் 1
கிளிக்கு மட்டும்தான். பக்கத்துக்கு ஐந்து பேர் என்றால் குறுக்குக்கோடு ஐந்து, நடுவில் நீளமாக ஒன்று. முதல் கோடு கிளியுடையது. கிளி கை தட்டினால் ஆட்டம் ஆரம்பம். அப்புறம் அது நடுக்கோடு, சுற்றுக்கோடு எல்லாவற்றிலும் ஓடி, தாண்டுகிறவர்களைத் தொட்டு அடிக்கலாம். மற்ற நாலு பேரும் அவரவர் குறுக்குக்கோட்டை விட்டுக் கால் எடுக்கக் கூடாது.

எங்கள் ஊரில் எல்லாக் கோட்டையும் தாண்டி மறுபக்கம் போனவன் ‘உப்பு’, இன்னும் தாண்டாதவன் ‘பச்சை’. உப்பு திரும்பி வரும்போது பச்சையோடு ஒரே கட்டத்தில் நின்றால் ஆட்டம் போச்சு. சண்டையெல்லாம் இங்கேதான் வரும். நான் ஒருமுறை உப்பாகி வரும்போது, சொந்தத் தம்பி பயந்து என் கட்டத்துக்குள் குதித்துவிட்டான். வீடு வரை அவனோடு பேசவில்லை.

பதில் 2
கோடு ஈரமண்ணில் போடுங்க அண்ணே, காய்ந்த மணலில் நாலு ஓட்டத்தில் அழிந்துவிடும். சாம்பல் தூவினாலும் சரி.

கேட்டவர்
போட்டாச்சு. கிளியாக நான்தான் நின்றேன். முட்டி வலிக்கிறது.