67 வயதில் கோல்ஃப்: முதுகும் முழங்கையும் மக்கர் செய்கின்றன, என்ன செய்யலாம்?

நந்தனம்காரர்:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 67. பணி ஓய்வுக்குப் பிறகு சென்னை நந்தனத்தில் உள்ள மைதானத்தில் வாரம் மூன்று நாள் ஆடி வருகிறேன். வலக்கை ஆட்டக்காரன். வெயிலுக்குப் பயந்து எங்கள் குழுவினர் விடிந்தும் விடியாமலும் முதல் டீயில், அதாவது ஆட்டம் தொடங்கும் இடத்தில், கூடிவிடுவார்கள். படுக்கையை விட்டு எழுந்து முக்கால் மணி நேரத்துக்குள் டிரைவரை (அதிகத் தூரம் அடிப்பதற்கான கிளப், அதாவது மட்டை) கையில் எடுத்துவிடுவது என் வழக்கம்.

கடந்த சில மாதங்களாக மூன்று தொல்லைகள். முதல் நான்கைந்து ஹோல் (குழி) வரை கீழ் முதுகு விறைத்துக் கிடக்கிறது. பாதி ஆட்டத்தில் இளகி, மதியம் படுத்து எழுந்தால் மீண்டும் பிடித்துக்கொள்கிறது. அயர்ன் (உலோகத் தலை கொண்ட கிளப்) தரையில் படும்போதெல்லாம் வலது முழங்கையின் உட்புறம் சுருக்கென்கிறது. ஈரத்துணியைப் பிழிந்தால்கூட அதே இடத்தில் வலி. ஸ்விங் (கிளப்பை வீசுவது) முடியும் தறுவாயில் இடது முழங்கால் முறுக்கிக்கொள்வது போலிருக்கிறது. எலும்பு மூட்டு மருத்துவர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, வயதுக்கேற்ற தேய்மானம்தான், ஆடலாம், ஆனால் பார்த்து ஆடுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார். எப்படிப் பார்த்து ஆடுவது என்பதை அவரும் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

தற்போது ஆட்ட நாளில் புறப்படும் முன் ஒரு வலி மாத்திரை போட்டுக்கொள்கிறேன். இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை உண்டு. தினமும் காலையில் சூரிய நமஸ்காரம் செய்தால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார் ஒரு நண்பர். கோல்ஃபையே விட்டுவிடச் சொல்கிறார்கள் வீட்டில். இதே நிலையைக் கடந்து வந்தவர்கள் இருந்தால் வழி சொல்லுங்கள்.

அடையாறு பிசியோ:

வணக்கம் ஐயா. நான் இயன்முறை மருத்துவத் துறையில் இருப்பவன். வாய்ப்புக் கிடைக்கும்போது ஆடவும் செய்கிறேன். நேரில் பரிசோதிக்காமல் எழுதுவதால் இவற்றைப் பொதுவான ஆலோசனையாக மட்டும் கொள்ளுங்கள்.

நீங்கள் எழுதியதில் என்னை உறுத்தியது தேய்மானம் அல்ல, அந்த முக்கால் மணி நேரம்தான். இரவில் படுத்திருக்கும்போது முதுகெலும்புகளுக்கு இடையே உள்ள தட்டுகள் நீரை உறிஞ்சிப் பருத்துவிடுகின்றன. இதனால்தான் முந்தைய இரவைவிட ஒரு செ.மீ.க்குச் சற்றுக் கூடுதலான உயரத்துடன் காலையில் எழுகிறோம். அந்தக் கூடுதல் உயரத்தில் பாதிக்கு மேல், எழுந்து நடமாடும் முதல் ஒரு மணி நேரத்திலேயே குறைந்துவிடும். அதுவரை தட்டுகள் வளைவையும் முறுக்கையும் எளிதில் தாங்குவதில்லை. முழு வேக ஸ்விங்கில் கீழ் முதுகின் மீது உடல் எடையைப் போல் சுமார் 8 மடங்கு அழுத்தம் விழுவதாக ஆய்வகத்தில் அளந்திருக்கிறார்கள். அவ்வளவு சுமையை, நாளின் மிக மோசமான வேளையில் நீங்கள் முதுகின்மேல் ஏற்றுகிறீர்கள். டீ நேரத்தை மாற்ற முடியாது என்றால் எழும் நேரத்தை அரை மணி முன்னதாக்குங்கள். எழுந்தவுடன் குனிய வேண்டாம். மொட்டை மாடியிலோ கூடத்திலோ கால் மணி நேரம் நடங்கள். உட்கார்ந்து, காலை ஒரு முக்காலியில் தூக்கி வைத்துக்கொண்டு ஷூ மாட்டுங்கள். காப்பி அதற்குப் பிறகு வரட்டும்!

இதே காரணத்தால் சூரிய நமஸ்காரத்தையும் விடியற்காலையில் செய்ய வேண்டாம் என்பேன். அதில் முழுதாகக் குனிவது திரும்பத் திரும்ப வருகிறது. மாலையில் செய்வதற்கு ஆட்சேபம் இல்லை.

மைதானத்தில் முதல் பந்துக்கு முன் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். வேக நடை, காலை முன்னும் பின்னும் வீசுதல், கிளப்பைத் தோள்களுக்குக் குறுக்கே வைத்துக்கொண்டு மெல்லத் திரும்புதல், பிறகு வெட்ஜை (குறைந்த தூரத்துக்கான கிளப்) வைத்துக்கொண்டு பாதி ஸ்விங், டிரைவர் கடைசியில்தான். ஒரே நிலையில் நீண்ட நேரம் இழுத்துப் பிடிக்கும் பயிற்சிகளை ஆட்டம் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். பந்தை டீயில் (பந்தைத் தாங்கும் சிறு முளையில்) வைக்கும்போதும் குழியிலிருந்து எடுக்கும்போதும் முதுகை வளைக்காதீர்கள். இடது கையால் கிளப்பை ஊன்றிக்கொண்டு, ஒரு காலைப் பின்னால் உயர்த்தி, இடுப்பு மூட்டில் மட்டும் சாய்ந்து எடுக்கப் பழகுங்கள். பட்டரின் (பந்தைக் குழிக்குள் உருட்டும் கிளப்) கைப்பிடி நுனியில் பொருத்தும் ரப்பர் உறிஞ்சி ஒன்று விற்கிறது, அதை வாங்கினால் குழிக்குள் கைவிட வேண்டிய அவசியமே இல்லை. இளைஞர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

ஆடாத நாள்கள்தான் உண்மையில் முக்கியமானவை. கீழ் முதுகு முழுவதும் சேர்ந்தே ஒரு பக்கம் சுமார் 10 டிகிரிதான் திரும்பக்கூடியது. ஸ்விங்கில் தெரியும் திருப்பம் எல்லாம் இடுப்பு மூட்டிலிருந்தும் மேல் முதுகிலிருந்தும் வர வேண்டும். அவை இரண்டும் இறுகிப்போனால் பாரம் முழுவதும் நடுவில் இருக்கும் பகுதியின் தலையில் விழுகிறது. ஒருக்களித்துப் படுத்து, முழங்கால்களை மடக்கி வைத்துக்கொண்டு, மேல் கையை மட்டும் மறுபக்கத் தரையை நோக்கி விரிப்பது மேல் முதுகுக்கு நல்லது. கையும் முழங்காலும் ஊன்றி, எதிரெதிர்க் கையையும் காலையும் நீட்டிச் சில நொடி நிறுத்துவதும், மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்குவதும், கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவதும் வாரத்தில் இரண்டு மூன்று நாளாவது வேண்டும். பல் துலக்கும்போது ஒற்றைக் காலில் நிற்கலாம், பக்கத்தில் பிடித்துக்கொள்ள ஏதாவது இருக்கட்டும்.

முழங்கை வலி, கோல்ஃபர்ஸ் எல்போ என்று பெயரிலேயே நம் ஆட்டத்தைச் சுமந்திருப்பதுதான். மணிக்கட்டை மடக்கும் தசைகளின் நாண் எலும்போடு சேரும் இடத்தில் நைந்துபோவதால் வருவது. முற்றிலும் ஓய்வு கொடுத்தால் வலி அடங்கும், ஆனால் நாண் வலுப்பெறாது. திரும்ப ஆடத் தொடங்கியதும் வலியும் திரும்பிவிடும். முன்கையை மேசைமீது வைத்து உள்ளங்கை மேல்நோக்கி இருக்க, அரைக் கிலோ டம்பெல் ஒன்றைப் பிடியுங்கள். இடது கையின் உதவியால் மணிக்கட்டை உயர்த்திவிட்டு, வலது கையால் மட்டும் நான்கைந்து நொடி எடுத்துக்கொண்டு மெல்ல இறக்குங்கள். பதினைந்து முறை வீதம் மூன்று தடவை, நாள்தோறும். தாங்கக்கூடிய இலேசான வலி இருக்கலாம். மறுநாள் காலை வலி கூடியிருந்தால் எடையைக் குறைக்க வேண்டும். பலன் தெரிய இரண்டு மூன்று மாதம்கூட ஆகும். இதில் அவசரம் உதவாது.

கோவை ஃபேர்வே:

நான் உங்களைவிட நான்கு வயது மூத்தவன், கோயம்புத்தூரில் ஆடுகிறேன். பிசியோ நண்பர் உடம்பைப் பற்றிச் சொல்லிவிட்டார். ஸ்விங்கைப் பற்றியும் சாமான்களைப் பற்றியும் நான் சொல்கிறேன்.

இடுப்பை அசைக்காமல் தோளை மட்டும் முறுக்கும் நவீன ஸ்விங், இருபத்தைந்து வயதுக்காரர்களுக்கு உரியது. அதை இணையக் காணொளிகளில் பார்த்துவிட்டு நம் வயதில் முயல்கிறவர்களைக் காணும்போது எனக்குப் பதற்றமாகவே இருக்கிறது. பின்னோக்கித் தூக்கும்போது இடது குதிகால் தரையை விட்டு எழட்டும், இடுப்பும் தோளோடு சேர்ந்து திரும்பட்டும். அமெரிக்க கோல்ஃப் ஜாம்பவான் ஜாக் நிக்லஸ் அப்படித்தான் ஆடினார். 1986-இல் தம் 46-ஆம் வயதில் மாஸ்டர்ஸ் பட்டத்தை வென்றார். இடது பாதத்தின் முன்பகுதியை இலக்கின் பக்கமாக 20 அல்லது 30 டிகிரி திருப்பி வைத்து நின்றால், ஸ்விங் முடியும்போது முழங்காலில் விழும் முறுக்கு கணிசமாகக் குறையும். என் முழங்காலுக்கு உதவியது இந்த ஒரு மாற்றம்தான். ஒரு ரூபாய் செலவில்லை.

செலவு செய்ய மனமிருந்தால், அயர்ன்களுக்கு ஸ்டீல் ஷாஃப்டை (கிளப்பின் தண்டை) விடுத்துக் கிராஃபைட் ஷாஃப்ட் போட்டுக்கொள்ளுங்கள். எடையும் குறைவு, கைக்கு ஏறும் அதிர்வும் குறைவு. கிரிப்பைச் சற்றுத் தடிமனாக மாற்றினால் இறுக்கிப் பிடிக்க வேண்டியிருக்காது. பயிற்சி ரேஞ்சில் சிமென்ட் தளத்தின்மேல் போட்ட மெல்லிய விரிப்பில் கூடை கூடையாகப் பந்தடிப்பதை நிறுத்திவிடுங்கள். புல்தரையில் கிளப் மண்ணை வெட்டிக்கொண்டு போய்விடும். விரிப்பில் அந்த அடி முழுவதும் முழங்கைக்குத் திரும்பி வருகிறது. பையைத் தோளில் சுமக்க வேண்டாம். கேடி (பை சுமக்கும் உதவியாளர்) இல்லாத நாளில், பின்னால் இழுக்கும் டிராலியைவிட முன்னால் தள்ளும் டிராலி தோளுக்கும் முதுகுக்கும் இதமானது.

இன்னொன்று, குழிக்கு அருகில் அமைந்த முன் டீயிலிருந்து ஆடுங்கள். நம்மவர்களுக்கு இதில் ஏனோ கௌரவப் பிரச்சினை வந்துவிடுகிறது. தூரத்துக்காக முழு மூச்சாக வீசுகிற அந்தக் கடைசிப் பத்து கெஜம்தான் முதுகை ஒடிக்கிறது.

வீட்டில் விட்டுவிடச் சொல்கிறார்கள் என்றால் அமெரிக்க ஆட்டக்காரர் டாம் வாட்சனைப் பற்றிச் சொல்லுங்கள். 2008-இல் இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர், மறு ஆண்டு டர்ன்பெரியில் தம் 59-ஆம் வயதில் பிரிட்டிஷ் ஓபனைக் கிட்டத்தட்ட வென்றே விட்டார். சமநிலையை முறிக்கும் பிளே-ஆஃபில்தான் ஸ்டூவர்ட் சிங்க்கிடம் தோற்றார். சாம் ஸ்னீட் 1979-இல் தம் 67-ஆம் வயதில், அதாவது உங்கள் வயதில், தொழில்முறைப் போட்டியொன்றின் ஒரு சுற்றை 67 அடிகளிலும் இன்னொரு சுற்றை 66 அடிகளிலும் முடித்தார். அடிகள் குறையக் குறைய ஆட்டம் சிறப்பு. நாம் அவர்களாகிவிட முடியாதுதான், ஆனால் வீட்டில் வாதாடுவதற்கு உதவும்.

ஓய்வுபெற்ற பொது மருத்துவர்:

மற்றவர்கள் சொன்னதில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் அந்த வலி மாத்திரையை யாரும் கவனிக்கவில்லை. ஐபுப்ரோஃபென், டைக்லோஃபெனாக் போன்றவற்றை ஆட்டத்துக்கு முன் வழக்கமாகப் போடுவது இரைப்பைப் புண்ணுக்கும் இரத்த அழுத்தம் கூடுவதற்கும் வழி வகுக்கும். இரத்த அழுத்தத்துக்கு நீங்கள் எடுப்பது, பெயர் ‘பிரில்’ என்றோ ‘சார்டான்’ என்றோ முடியும் மருந்தாகவோ, சிறுநீரைக் கூட்டும் மருந்தாகவோ இருந்தால், சென்னை வெயிலில் வியர்த்து நீர் வற்றிய உடலில் இவை சேர்ந்து சிறுநீரகத்தைத் திடீரெனப் பாதிக்கலாம். அது மட்டுமல்லாமல், வலி என்னும் எச்சரிக்கையை அடக்கிவிட்டு நான்கு மணி நேரம் ஆடினால் நாணின் சேதம் கூடவே செய்யும். இரத்த அழுத்த மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். வலி மாத்திரையைப் பற்றி உங்கள் மருத்துவரிடம் இந்த வாரமே பேசுங்கள். முழங்கால், முழங்கைக்கு மேலே தடவும் டைக்லோஃபெனாக் ஜெல், மாத்திரையைவிட மிகக் குறைவாகவே இரத்தத்தில் கலக்கிறது. அது பொருந்துமா என்றும் அவரிடமே கேளுங்கள்.

வலி காலுக்குள் இறங்கினாலோ, பாதம் மரத்தாலோ, சிறுநீர் அல்லது மலம் கழிப்பதில் மாற்றம் தெரிந்தாலோ உடற்பயிற்சியால் சரிசெய்துவிடலாம் என்று காத்திருக்கக் கூடாது. மைதானத்தில் நெஞ்சு இறுக்கமோ, தாடையிலும் இடது கையிலும் வலியோ வந்தால் அதைத் தசைப்பிடிப்பு என்று எண்ணி அடுத்த ஹோலுக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள். ஆட்டத்தை அங்கேயே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

உணவைப் பற்றி ஒரு வார்த்தை. நம் வயதில் தசையைக் காக்க, சிறுநீரகக் கோளாறு இல்லாதவர்களுக்கு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் வேண்டும். மூன்று இட்லியில் கிடைப்பது 6 கிராம் அளவே. ஆட்டம் முடிந்ததும் கிளப்பில் இட்லி சாப்பிடுகிறவர்கள், கூடவே இரண்டு முட்டையோ ஒரு கிண்ணம் சுண்டலோ சேர்த்துக்கொள்ளலாம்.

நந்தனம்காரர்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. என் இரத்த அழுத்த மாத்திரையின் பெயர் ‘சார்டான்’ என்றுதான் முடிகிறது. மருத்துவரைப் பார்க்க நேரம் வாங்கிவிட்டேன். இரண்டு சந்தேகங்கள். தோளுக்கும் கைக்கும் வலு சேர்க்க, வீட்டில் இருக்கும் தாத்தா காலத்துக் கர்லா கட்டையைச் சுற்றலாமா? மே மாதத்தில் ஊட்டி மைதானத்தில் ஆட நண்பர்கள் அழைக்கிறார்கள். போகலாமா?

அடையாறு பிசியோ:

கர்லா கட்டை நல்ல பயிற்சிதான், ஆனால் இப்போது வேண்டாம் ஐயா. கனமான கட்டையை இறுக்கிப் பிடித்துச் சுற்றும்போது, நைந்திருக்கும் அதே நாண்தான் இழுபடும். ஈரத்துணியை வலியின்றிப் பிழிய முடிகிற நிலை வந்த பிறகு, மிக இலேசான கட்டையில், ஒருவர் அருகில் இருந்து கற்றுக்கொடுக்கத் தொடங்கலாம். தாத்தா காலத்துக் கட்டை எடையில் அநேகமாக உங்களுக்கு ஒத்துவராது.

ஊட்டி, நந்தனத்தைப் போன்ற சமதளம் அல்ல. மேடும் பள்ளமுமான மலைச்சரிவில் பந்து பாதத்துக்கு மேலேயோ கீழேயோ கிடக்கும். இறக்கத்தில் நடக்கும்போது முழங்காலுக்கு ஏற்றத்தைவிடச் சிரமம் அதிகம். குளிரில் உடல் சூடேறவும் நேரம் பிடிக்கும் என்பதால், அங்கே விடியற்காலையில் ஆட வேண்டிய அவசியமே இல்லை, ஒன்பது மணிக்கு மேல் தொடங்குங்கள். மே மாதத்துக்குள் முழங்கை எந்த அளவு தேறுகிறது என்பதை இப்படிச் சோதிக்கலாம்: முதலில் பட்டிங்கும் (பந்தைக் குழிக்கு உருட்டுவது) சிப்பிங்கும் (பந்தைச் சிறிது தூரம் மெல்லத் தூக்கி அடிப்பது) மட்டும், அதில் மறுநாள் வலி இல்லையென்றால் வெட்ஜில் பாதி ஸ்விங், அடுத்து பந்தை டீயில் வைத்து நடுத்தர அயர்ன், அதன் பிறகு ஒன்பது ஹோல். ஒவ்வொரு படியிலும் ஒரு வாரமாவது நிற்க வேண்டும். ஏப்ரல் இறுதிக்குள் நந்தனத்தில் ஒன்பது ஹோலை மாத்திரை இல்லாமல் முடித்துவிட்டீர்கள் என்றால், ஊட்டியிலும் ஒன்பது ஹோல் ஆடலாம். பதினெட்டு வேண்டாம்.