பீகாரில் 16, நம்மூரில் 40: பரோட்டாவா, சோறா?

கொங்குத்தறி (திரி தொடங்கியவர்):

தேசியக் குடும்பநல ஆய்வின் 5-வது சுற்று (2019-21) அட்டவணையை நேத்து ராத்திரி உக்காந்து பாத்தனுங்க. 15 முதல் 49 வயசுப் பெண்கள்ல பி.எம்.ஐ. (உயரத்துக்கு எடை எவ்வளவுங்கற கணக்கு) 25-ம் அதுக்கு மேலயும் இருக்கறவங்க, அதாவது எடை கூடினவங்க, இந்தியா முழுக்க 24 சதவீதம். தமிழ்நாட்ல 40.4. பீகார்ல 15.9 தான். அதுக்கு முந்தின சுற்றுல (2015-16) நமக்கு 30.9 இருந்திருக்கு. ஆம்பளைங்களும் சளைச்சவங்க இல்ல, 28.2-ல இருந்து 37-க்குப் போயாச்சு.

என் கட்சி இதுதான்: மைதா. ராத்திரி எட்டு மணிக்கு எங்க ஊர் பைபாஸ்ல வந்து நில்லுங்க. வரிசையா நாலு கடையில கொத்து போடற சத்தம், வாசல்ல வண்டி நிறுத்த இடம் இருக்காது. எங்க அப்பிச்சி கம்மஞ்சோறும் ராகிக் களியும் தின்னவரு, 80 வயசுலயும் வயிறு ஒட்டித்தான் இருந்துச்சு. பரோட்டாவ ஒழிச்சாலே பாதிப் பிரச்சினை போயிருமுங்க.

வெண்ணாற்றங்கரை:

அண்ணே, பைபாஸ்ல நிக்கிறவன் எத்தனை பேரு, வீட்ல தின்றவன் எத்தனை பேரு? நம்ம கிராமப்புறப் பெண்கள்லயே மூணுல ஒருத்தருக்கு மேல இந்தக் கணக்குல வராங்க. அவங்க எல்லாரும் தினம் கொத்து பரோட்டாவா சாப்பிடுறாங்க?

நான் டெல்டாக்காரன், நெல்லு எங்க பொழப்பு, இருந்தும் சொல்றேன்: பிரச்சினை சோத்துல இருக்கு. மெஸ்ல ஒரு மத்தியானச் சாப்பாட்ட நெனச்சுப் பாருங்க. சாம்பாருக்கு ஒரு தடவ சோறு, வத்தக்குழம்புக்கு ஒரு தடவ, ரசத்துக்கு, மோருக்கு. ஆக நாலு தடவ. பொரியல் மட்டும் ஓரத்துல ஒரே ஒரு கரண்டி, அதுவும் பாதி நாள் உருளைக்கிழங்கு. ரெண்டாவது தடவ பொரியல் கேட்டா சர்வர் மொறைக்கிறாரு, சோறு மட்டும் கேக்காமலே விழுது. 2011-லேருந்து ரேஷன்ல அரிசி இலவசம், 25 ரூவாய்க்குப் பாமாயில். இப்படி மலிவாக் கெடைக்கிறதத்தானே வயிறு நெறையத் திம்போம்?

பாட்னாவில்_பத்துவருசம்:

பீகார் பேர் வந்ததால் உள்ளே வருகிறேன். பத்து வருஷம் அங்கே வேலை பார்த்தவன். அவர்களும் மத்தியானம் சோறுதான், 'பாத்' என்பார்கள். காலையில் கடைத்தெருவுக்குப் போனால் பூரியும் ஜிலேபியும். 'சத்து' என்கிற வறுத்த கடலை மாவு, அதை உள்ளே வைத்துச் சுடும் லிட்டி உருண்டை எல்லாம் உண்டு, ஆனால் அதுதான் அவர்களை ஒல்லியாக வைத்திருக்கிறது என்று யாராவது சொன்னால் சிரிப்புத்தான் வரும். அதே அட்டவணையில் இன்னொரு வரியையும் பாருங்கள். பீகாரில் 25.6 சதவீதப் பெண்கள் எடை குறைந்தவர்கள், நம்மிடம் 12.6. அந்த 15.9-க்குள் நிறையப் பேரின் அரை வயிறும் ஒளிந்திருக்கிறது. அதை முன்மாதிரியாகக் காட்டாதீர்கள் சார்.

சோறு கட்சிக்கும் ஒரு கேள்வி. பஞ்சாபில் கோதுமை, அங்கே பெண்களில் 40.8. நமக்கும் அவர்களுக்கும் அரை சதவீதம்கூட வித்தியாசம் இல்லை. மணிப்பூரிலும் மேகாலயாவிலும் சோறுதான் பிரதானம். மணிப்பூரில் 34, மேகாலயாவில் 12-ஐக்கூடத் தொடவில்லை. அரிசிதான் குற்றவாளி என்றால் இது எப்படி?

வெண்ணாற்றங்கரை:

மேகாலயாவுல மலையேறி எறங்குறாங்க சார். நாம மாடிக்கு லிப்ட்ல போறோம். சோத்துக்குத் தனியா வினை இருக்குன்னு நான் சொல்லல, அளவும் உழைப்பும் பிரிஞ்சு போச்சுன்னுதான் சொல்றேன். நடவுக்கும் அறுப்புக்கும் எங்கூர்ல இப்ப மெஷின். ஆனா தட்டு மட்டும் நடவு காலத்துத் தட்டு.

கிணத்தடி:

இத்தனை புள்ளிவிவரம் எதுக்கு? வீட்டுக்கு வீடு மிக்ஸியும் கிரைண்டரும் இலவசமா வந்துச்சு. அம்மி போச்சு, ஆட்டுக்கல் போச்சு. பொம்பளைங்க குனிஞ்சு நிமிர்ற வேலையே இல்லை. அப்புறம் எடை ஏறாம என்ன செய்யும்?

தேவி_ஆய்வகம்:

கிணத்தடி சார், அப்ப அந்த 37 சதவீத ஆம்பளைங்க எந்த ஆட்டுக்கல்ல விட்டாங்க?

ஒரு மணி நேரம் மாவாட்டிட்டு மிச்சம் மீதியக் கடைசியா சாப்பிட்ட காலத்த உடற்பயிற்சின்னு சொல்றத நிறுத்துங்க. எங்க தெருவுல பாதிப் பேர் பனியன் கம்பெனிக்குத்தான் போறாங்க. காலையில மிஷின்ல உக்காந்தா சாயங்காலம் வரைக்கும் உக்காந்த இடம். 11 மணிக்கு டீ, வர்க்கி. 4 மணிக்கு டீ, போண்டா. ஓவர்டைம் இருந்தா வீட்டுக்கு வரவே ஒன்பது, அப்புறம்தான் சமையல், பத்தரைக்குச் சாப்பாடு, பதினொண்ணுக்குப் படுக்கை. இதுல வாக்கிங் எப்ப போறது, எந்த ரோட்டுல போறது? அந்த நேரத்துல தெரு லைட்டுகூட எரியாது.

இன்னொண்ணு. நீங்க எல்லாரும் பி.எம்.ஐ.ய மட்டும் புடிச்சுத் தொங்குறீங்க. நான் ரத்தம் எடுக்கிற ஆளு, ஈர்க்குச்சி மாதிரி வரவங்களுக்கும் சர்க்கரை எகிறிக் கெடக்கும். புனே டாக்டர் யாஜ்னிக்கும் லண்டன் டாக்டர் யுட்கினும் சேர்ந்து நிக்கிற ஒரு போட்டோ 2004-ல லான்செட்ங்கற மருத்துவ இதழ்ல வந்துச்சு. ரெண்டு பேருக்கும் பி.எம்.ஐ. அச்சு அசலா 22.3. உடம்புல கொழுப்பு மட்டும் யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. நம்ம ஆளுங்களுக்கு 25 வரைக்கும் காத்திருக்கக் கூடாது, 23-லயே கவனிக்கணும்னு சொல்றது இதனாலதான். நீங்க சொல்ற அதே 5-வது சுற்றுல இடுப்பையும் அளந்தாங்க. பி.எம்.ஐ. கணக்குல நாடு முழுக்க 24 சதவீதப் பெண்கள்னா, இடுப்புச் சுற்றளவ பிட்டச் சுற்றளவோட ஒப்பிடற விகிதத்துல வரம்ப மீறினவங்க 57. எந்த மாநிலம் ஒல்லின்னு பட்டியல் போடறதுக்கு முன்னாடி எதை வச்சு அளக்கிறோம்னு யோசிங்க.

நெறியாளர்:

உடல்வாகைக் கிண்டல் செய்த இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டன. விவாதம் தொடரலாம்.

கொங்குத்தறி:

தேவிங்க, டீக்கு வர்க்கி வெச்சுக்கறது எங்க வீட்லயும் நடக்கறதுதான், ஒத்துக்கறன். ஆனா வர்க்கியும் மைதாதானுங்களே! என் கட்சிக்குத்தான் வந்து சேர்றீங்க. அரிசிக்குப் பதிலா மறுபடியும் கம்பு, சாமை, தினைன்னு போயிட்டா என்ன தப்பு? எங்க வீட்ல சுகருக்காக ராத்திரி சப்பாத்திதான்.

தேவி_ஆய்வகம்:

எத்தனை சப்பாத்தி அண்ணா?

கொங்குத்தறி:

நாலு. குருமாவோட. சின்னதுதானுங்க.

பாட்னாவில்_பத்துவருசம்:

இந்தக் கேள்விக்கு 2025-ல் ஒரு பதில் வந்தது சார். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலோடு சென்னை நீரிழிவு ஆராய்ச்சி மையம் மாநிலம் மாநிலமாக நடத்திய ஆய்வு. நாம் சாப்பிடும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது. தெற்கிலும் கிழக்கிலும் வெள்ளை அரிசியாக, வடக்கில் கோதுமையாக. மாவுச்சத்தின் மொத்த அளவைக் குறைக்காமல் அரிசியை மட்டும் எடுத்துவிட்டுக் கோதுமையோ சிறுதானியமோ வைத்தால் சர்க்கரை நோய் ஆபத்து குறைவதாகத் தெரியவில்லை என்கிறார்கள். அந்த இடத்தில் கொஞ்சம் பருப்பு, தயிர், முட்டை வந்தால்தான் பலன். உங்கள் அப்பிச்சியைக் காப்பாற்றியது கம்பு மட்டும் அல்ல. களத்துமேடும் இருந்தது, இரண்டாவது தட்டுக்கு வசதி இல்லாததும் இருந்தது.

கிணத்தடி:

முட்டை விலை தெரியுமா சார்? ரேஷன்ல அரிசி சும்மா குடுக்கறான், முட்டைய யார் குடுக்கறா? ஸ்கூல் பசங்களுக்காவது சத்துணவுல ஒண்ணு கெடைக்குது.

வெண்ணாற்றங்கரை:

வந்ததுலேருந்து கிணத்தடி சொன்ன ஒரே நல்ல பாயின்ட். பருப்பு 30 ரூவாய்க்குக் குடுக்கிறாங்கதான், ஆனா கார்டுக்கு ஒரு கிலோ. நாலு பேர் வீட்டுக்கு மாசம் ஒரு கிலோ எந்த மூலைக்கு?

கொங்குத்தறி:

கோவத்துல நேத்து ஒரு வேலை பண்ணேன். பொண்ணு கேக் செய்ய வாங்குன சின்ன தராசு ஒண்ணு வீட்ல கெடந்துச்சு. மத்தியானம் தட்டுல விழற சோத்த அதுல வெச்சுப் பாத்தேன். மொதல் தடவ 310 கிராம். ரசத்துக்கு 180. தயிருக்கு எடை போடலாம்னு தட்ட நீட்டறதுக்குள்ள எங்கம்மா "என்னடா தராசும் கையுமா"ன்னு இன்னொரு கரண்டி போட்டுட்டாங்க, அத அளக்க முடியல. பைபாஸ் கடை மேல எனக்கு இருக்கற கோவம் அப்படியேதான் இருக்கு, ஆனா இது நான் நெனச்சதுக்கு ரெண்டு பங்குங்க.

வெண்ணாற்றங்கரை:

பொரியல எடை போட்டீங்களாண்ணே?

கொங்குத்தறி:

45 கிராம். உருளைக்கிழங்கு.