ரிவர்சிங் கான்டாக்டர்: ‘திசைத் தொடுவி’ சரிவருமா?

வணக்கம்.

மோட்டார் சுற்றும் திசையை மாற்றும் மின் சுவிட்சான ரிவர்சிங் கான்டாக்டருக்கு ‘மீள்திருப்பு மின்தொடர்பி’ என்றொரு சொல் முன்வைக்கப்பட்டது. அது நாக்கில் நிற்காது. ‘தொடர்பி’ என்றதும் தொலைபேசிதான் நினைவுக்கு வரும். காயில் (மின்காந்தச் சுருள்) இழுத்ததும் முனைகளைத் தொடுவிக்கிற கருவி இது, ‘தொடுவி’ போதும். ரிலேயையும் (சிறு மின்னோட்டத்துக்கான சுவிட்ச்) இதையும் ஒரே சொல்லில் அடைக்கவும் வேண்டாம்.

அடைமொழிக்கு வேலையைப் பார்ப்போம். சீரீஸ் மோட்டார் (ஆர்மேச்சர் என்னும் சுழலும் சுருளும் புலச்சுருள் என்னும் நிலையான காந்தச் சுருளும் ஒரே தொடரில் இணைந்தது) உள்ள ஃபோர்க்லிஃப்ட்டில் பேட்டரியின் பிளஸ் மைனஸை மாற்றினாலும் வண்டி அதே பக்கம்தான் போகும். ஆர்மேச்சரிலும் புலச்சுருளிலும் மின்னோட்டம் சேர்ந்தே திரும்பிவிடும். ஒன்றில் மட்டும் திருப்ப வேண்டும், அதற்குத்தான் இரண்டு கான்டாக்டர் கொண்ட இந்த ஜோடி. ‘முன்பின் தொடுவி’ அழகான சொல், ஆனால் சுமைதூக்கியில் (ஹாயிஸ்ட்) அது மேல் கீழ் ஆகிவிடும். ‘திசைமாற்றி’ ஸ்டீயரிங்குக்குப் போய்விட்டது. ஆகவே ‘திசைத் தொடுவி’.

வேலைக்குறிப்பில் வைத்துப் பார்த்தேன்:

“ஃபோர்க்கைத் தரையில் இறக்கி, சாவியை எடுத்து, பேட்டரி பிளக்கைப் பிடுங்கவும். ஓட்டும் சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்கிக் கட்டை கொடுக்கவும். கன்ட்ரோலரின் கெப்பாசிட்டரில் (மின்னூட்டத்தைச் சேமிக்கும் உறுப்பு) மின்னழுத்தம் தங்கியிருக்கும். 100 ஓம், 25 வாட் ரெசிஸ்டரைச் சில விநாடி அதன் இரு முனைகளுக்கும் குறுக்கே பிடித்து, மீட்டரில் பார்த்த பிறகே கை வைக்கவும். கேபிள்களுக்கு அடையாளம் கட்டி, படம் எடுத்துக்கொண்டு திசைத் தொடுவியைக் கழற்றவும். புதியதன் காயில் வோல்ட் வண்டியோடு பொருந்த வேண்டும்: 24, 36, 48 அல்லது 80. கேபிள் லக் (கேபிள் நுனியின் உலோக வளையம்) நேராக இணைப்பு முனைமேல் உட்காரட்டும். வாஷர் அதற்கு மேலேதான். இடையில் எஃகு வாஷர் புகுந்தால் அந்த இடம் சூடாகிக் கருகும். நட்டைத் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு முறுக்கவும். காயிலில் டையோடு (மின்னோட்டத்தை ஒரு பக்கம் மட்டும் விடும் உறுப்பு) இருந்தால் அதன் + பக்கம் மாறக்கூடாது. மாறினால் ஃபியூஸோ கன்ட்ரோலரோ போகும். பிளக்கை மாட்டி, சக்கரம் தூக்கிய நிலையிலேயே முன், பின் இரண்டையும் ஓட்டிப் பார்க்கவும். புலச்சுருளின் இரு கேபிளும் இடம் மாறியிருந்தால் சக்கரம் எதிர்ப்பக்கம் சுற்றும்.”

எங்கும் இடறவில்லை. பழைய தொடுவி ஒட்டிப்போயிருந்தால் புதியதை மாட்டுவதோடு வேலை முடியாது. பேட்டரி சோர்ந்தால் காயிலின் பிடி தளரும், முனைகள் படபடக்கும், தீப்பொறியில் உருகி ஒட்டும். காரணத்தைப் பார்க்காமல் விட்டால் புதியதும் ஒட்டும்.

--

ஐயா, ‘திசைத் தொடுவி’க்கு என் ஒப்புதல். முனைகளுக்கும் பெயர் வைத்தால்தான் சொல் முழுமையாகும். ‘இயல்பில் மூடியது’ (நார்மலி குளோஸ்டு) என்று எழுதினால் எது இயல்பு என்று கேட்பார்கள். காயில் சும்மா இருக்கும்போது தொடுவது ‘ஓய்வு முனை’, காயில் இழுத்ததும் தொடுவது ‘இழுப்பு முனை’ என்போம். அப்போது சுற்றையே ஒரே வரியில் சொல்லிவிடலாம்: இரண்டு தொடுவிகளும் ஓய்வு முனையில் இருந்தால் புலச்சுருளின் இரு நுனியும் ஒரே பக்கத்தில் கிடக்கும், மின்னோட்டம் இல்லை, ஒன்று மட்டும் இழுப்பு முனைக்குப் போனால் அந்த நுனியிலிருந்து மறுநுனிக்கு ஓடும்.

பழுது பார்க்கவும் உதவும். பிளக்கைப் பிடுங்கி, புலச்சுருள் கேபிளைக் கழற்றி, மீட்டர் வைக்கவும்: ஓய்வு முனை 0 ஓமுக்குப் பக்கத்தில் காட்ட வேண்டும், இழுப்பு முனை திறந்திருக்க வேண்டும். இழுப்பு முனையும் தொடர்ச்சி காட்டினால் அது ஒட்டிவிட்டது. வெள்ளி முனை கறுத்திருப்பது பழுதல்ல. அரம் போட்டால் வெள்ளிதான் தேயும்.