பயங்கரவாதத் தரவுத்தளங்கள் ஏன் ஒத்துப்போவதில்லை?

ஆய்வு மாணவி: மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் உலகளாவிய பயங்கரவாதத் தரவுத்தளத்தில் பன்னாட்டுத் தொடர்புடைய பயங்கரவாத நிகழ்வுகளின் தரவுத்தளமான ‘இட்டரேட்’ (ITERATE) தொகுப்பைவிடப் பல மடங்கு அதிக நிகழ்வுகள் உள்ளன. எதை நம்புவது? முன்னதில் 1993ஆம் ஆண்டு மட்டும் ஏன் விடுபட்டிருக்கிறது?

மறுமொழி 1: இரண்டும் ஒன்றையே எண்ணவில்லை. இட்டரேட் 1968 முதல், தாக்கியவர், பலியானவர், இடம் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றிலாவது வேறு நாட்டின் தொடர்புடைய தாக்குதல்களை மட்டுமே பதிவுசெய்கிறது. மேரிலாந்துத் தரவுத்தளமோ 1970 முதல் உள்நாட்டுத் தாக்குதல்களையும் சேர்ப்பதால், பெரு, கொலம்பியா போன்ற நாடுகளின் நிகழ்வுகள் அதில் குவிந்துவிடுகின்றன. 1993 விவகாரம் வேதனையான வேடிக்கைதான்: தொடக்ககாலத் தரவைத் திரட்டிய பிங்கர்ட்டன் என்ற தனியார் பாதுகாப்பு நிறுவனம் அலுவலகம் மாறியபோது அவ்வாண்டின் கோப்புகள் தொலைந்துபோயின.

மறுமொழி 2: எண்ணும் அலகையும் கவனியுங்கள். 2001 செப்டம்பர் 11 தாக்குதல் மேரிலாந்துத் தரவுத்தளத்தில் விமானத்துக்கு ஒன்றாக நான்கு நிகழ்வுகளாகவே இருக்கிறது. மேலும், 2011 நவம்பர் முதலான நிகழ்வுகளை, செய்திகளைக் கணினிவழி வடிகட்டும் புதிய முறையில் அப்பல்கலைக்கழகமே திரட்டியதால், 2012இல் தெரியும் ஏற்றம் முழுவதையும் வன்முறையின் பெருக்கமாகக் கொள்ள இயலாது.

ஆய்வு மாணவி: அப்படியானால் 1993க்குச் சுழியம் இடாமல், விடுபட்ட மதிப்பாகவே குறிக்கிறேன்.

மறுமொழி 1: ஆம். வரைபடத்திலும் அவ்விடத்தில் கோடு போட்டு இணைக்காதீர்கள்.